நுரை அக்காவும் ‘போய்ட்டு வரேன்’ சுற்றும்

எங்கள் முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் மேலாளரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை. சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை இருக்கிறது. அங்கே தண்ணீர்க் குழாயின் முன்னால், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் வராது.

“கையைக் காட்டுங்க.”

நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “பயப்படாதீங்க, ஆயுள் ரேகை பாக்கல. நகத்தைத்தான் பாக்குறேன். மோதிரத்தைக் கழட்டுங்க.”

“கல்யாண மோதிரம்க்கா.”

“உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்க மாட்டார். கிருமிதான் கோவிச்சுக்கும், குடியிருந்த வீடு போச்சேன்னு.”

பிறகு சோப்பு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று வரிசையாகக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், “கட்டை விரல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஒதுக்கி வெச்சுட்டீங்க?” என்பார். மறுபடி முதலிலிருந்து. அவர் எங்கள் இல்லத்தின் தொற்றுத் தடுப்புச் செவிலியர். செவிலியர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. எந்நேரமும் கையில் சோப்பு நுரையோடு நிற்பதால் நுரை அக்கா என்று யாரோ பேர் வைத்து, அதுவே நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கிற பேர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

நானும் அப்படித்தான் கையை நீட்டினேன். செவிலியர் பட்டப்படிப்பை முடித்து, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது. அக்கா உறையைத் தொடாமல் எட்டிப் பார்த்து, “நல்ல மார்க்கு தம்பி. அதைப் பத்திரமா அந்த மேசையில வெச்சுட்டு வந்து கழுவுங்க” என்றார். அன்றைக்கு எனக்கு ‘டிகிரி’ என்று பேர் விழுந்தது.

அக்காவின் அப்பா கொத்தனார். மகள் கொத்துக் கரண்டி பிடிக்கக் கூடாது, ஊசி பிடிக்கட்டும் என்று படிக்க வைத்தார். பட்டயப் படிப்பு முடிந்து, ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷம் இருந்தார் அக்கா. அங்கே கால் முறிந்து வந்த ஒருவர், ஆபரேஷன் நன்றாக நடந்தும், புண்ணில் சீழ் பிடித்து, வந்ததைவிட மோசமாகத் திரும்பிப் போனார். “வண்டி மோதினது அவர் தலையெழுத்துன்னு வெச்சுக்கலாம். புண்ணு பழுத்தது தலையெழுத்து இல்ல. எங்கள்ல யாரோ ஒருத்தர் கை” என்று அக்கா சொல்வார். அந்த ‘யாரோ ஒருத்தர்’ யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதுதான் அவரைத் தூங்க விடவில்லை. தனியாகத் தொற்றுத் தடுப்புப் பயிற்சிக்குப் போய்ப் படித்துவிட்டு எங்கள் இல்லத்துக்கு வந்தார்.

அவர் கணவர் லாரி மெக்கானிக். கையில் எந்நேரமும் கிரீஸ். இரண்டு பேரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் ஆச்சரியம். மாமியார் வாய் சும்மா இருக்காது. “மருமகளா வந்தியா, சுகாதார ஆபீசரா வந்தியா? வாசல்லயே மகனைக் குளிப்பாட்டிட்டுத்தான் உள்ள விடுறா” என்று என்னிடமே ஒருமுறை முறையிட்டார். மெக்கானிக் அண்ணன் சிரித்துக்கொண்டே, “விடும்மா. கையைத்தானே கழுவுறா, என்னைக் கை கழுவலையே” என்றார்.

இனி கீழ்வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மறதி நோயாளிகள். தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னல்கள், நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளச் சுவரோடு ஓடும் மரக் கைப்பிடி, ஒவ்வொரு கதவிலும் அந்தந்த ஆளுக்குப் பிடித்த ஒரு படம். பேருந்து படம் ஒட்டிய கதவுக்குள் டிரைவர் ஐயா. வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். இப்போதும் நாள் முழுக்க நடையாய் நடப்பார். எதிரே வருகிற எல்லாருக்கும் இரண்டு கையாலும் கை கொடுப்பார். கத்திரிக்கோல் படத்துக்குள் தையலம்மா. வாசலில் வருகிறவர்களின் தோளைக் கண்ணாலேயே அளந்து, “சட்டை பிடிக்குதே, பிரிச்சுத் தெக்கணும்” என்பார். மகன் பேர் மறந்துவிட்டது. அளவு மறக்கவில்லை.

இந்த வார்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த இல்லத்திலும் நான் பார்த்ததில்லை. பகல் வேலைக்காரர்கள் சாயங்காலம் கிளம்பும்போது, சீருடையை மாற்றி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கையைப் பிடித்து “போய்ட்டு வரேன்” என்று சொல்ல வேண்டும். அவர்கள் “போய்ட்டு வா” என்று சொன்ன பிறகுதான் அடுத்த ஆள். இதை ஆரம்பித்தவர் பெரியக்கா. கீழ்வார்டின் மிக மூத்த பராமரிப்பாளர். ஆரம்பத்தில், பொழுது சாய்ந்ததும் தையலம்மா கதவைத் தட்டிக்கொண்டு, “எல்லாரும் சொல்லிக்காம போய்ட்டாங்க, என்னை விட்டுட்டுப் போய்ட்டாங்க” என்று அழுவாராம். பெரியக்கா ஒரு நாள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அழுகை இல்லை. மறு நாள் பக்கத்து அறைக்காரரும் கையை நீட்டினார். அதிலிருந்து அது சுற்றாகிவிட்டது. எங்களுக்கெல்லாம் அதில் ஒரு பெருமை. பார்க்க வருகிற உறவுக்காரர்கள் கண் கலங்குவார்கள்.

அந்த வருஷம் கீழ்வார்டில் வாந்தி பேதி வந்தது. முதல் தடவை எல்லா இல்லத்திலும் வருவதுதானே என்று இருந்துவிட்டோம். துடைத்தோம், துவைத்தோம், நின்றது. சில வாரங்களில் மறுபடி வந்தது. இந்தத் தடவை தையலம்மா உடம்பில் தண்ணீர் வற்றி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினார். திரும்பியவர் பாதியாக இருந்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இந்த வகைக் கிருமிக்கு சானிடைசர் போதாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும் என்பது கல்லூரியில் நான் ஊன்றிப் படித்த பாடம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு சானிடைசர் மேல்தான் பக்தி. சுவருக்குச் சுவர் மாட்டியிருந்தோம். அக்காவிடம் போய்ச் சொன்னேன். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டவர், “டிகிரி, இதை நீங்களே வகுப்பில சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா நான் சொல்லிச் சொல்லி இவங்க காதுக்குப் பழகிப்போச்சு. புதுக் குரலா இருந்தா ஏறும்” என்றார். நான் பாடம் எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் பாடம். எல்லாரும் குழாயடிக்குத் திரும்பினார்கள்.

அப்படியும் மூன்றாவது தடவை வந்தது.

சுகாதார அதிகாரி நேரில் வந்தார். கடுமையாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அடுத்த ஆய்வுக்குள்ள இது நிக்கணும். நிக்கலைன்னா இந்த வார்டை மூடி, இவங்களை வேற வேற இல்லங்களுக்கு மாத்தச் சொல்லி எழுத வேண்டியிருக்கும். எனக்கு வேற வழி இல்ல.”

அவர் கார் கிளம்பியதும் அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “கட்டிலை மாத்திப் போட்டாலே ராத்திரியெல்லாம் வழி தெரியாம தவிக்கிறவங்க. ஊர் மாத்தி, ஆள் மாத்திப் போட்டா என்ன ஆகும்? விட மாட்டேன்.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்று சொல்வார்களே, அதை அப்போது பார்த்தேன். பாத்திரம் கழுவும் இடம், கழிப்பறை, அழுக்குத்துணிக் கூடை, எதையும் விடவில்லை. அவரிடம் ஒரு பசை உண்டு. தடவினால் கண்ணுக்குத் தெரியாது. ஊதா டார்ச் அடித்தால் மின்னும். பயிற்சிக்கு வாங்கியது. அதைக் கழிப்பறைக் கைப்பிடியிலும் கட்டில் சட்டத்திலும் தடவி வைத்துவிட்டு, வேலை நேரத்தில் எங்கள் கைகளைத் திடீர் திடீரென்று டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கேயும் மின்னவில்லை. கையுறை மாற்றுகிறோம், கழுவுகிறோம், ஒரு படுக்கைக்கும் அடுத்த படுக்கைக்கும் நடுவில் குழாயடிக்குப் போய் வருகிறோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

“எல்லாரும் பாஸ். அப்புறம் எப்படி வருது? காத்துலயா பறந்து வருது?” என்று அவர் எரிந்து விழுந்தார். எல்லாரும் பாஸ் ஆனதில் அவருக்கு இருந்த கோபம் எங்களுக்கு விசித்திரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் நான் அவர் வீட்டில் இருந்தேன். அண்ணன் என் சைக்கிளுக்கு பிரேக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்று புலம்பினார்.

“எங்க ஒழுகுதுன்னே தெரியலங்க.”

“ஒழுகலைக் கண்டுபிடிக்கணும்னா வண்டி ஓடும்போது பாக்கக் கூடாது” என்றார் அண்ணன், தலையைத் தூக்காமலே. “ஓட்டிட்டு வந்து நிறுத்தின அப்புறம் அடியில பாக்கணும்.”

“நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன பதில் சொல்றீங்க? எங்க போனாலும் லாரிதான்.”

“நீ எங்க போனாலும் சோப்புதானே. நான் ஏதாவது சொன்னேனா?”

அக்கா முறைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். “டிகிரி, நாம எப்ப வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாக்குறோம்?”

“ட்யூட்டி முடியுற வரைக்கும்க்கா.”

“முடிஞ்ச அப்புறம்?”

முடிந்த பிறகு கையுறையைக் கழற்றி எறிந்து, கையை நன்றாகக் கழுவி, உடை மாற்றி, பையை மாட்டி… நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அக்காவின் யோசனையும் அங்கேயே வந்து நின்றிருந்தது. அவரும் தினமும் அந்தச் சுற்றில் போகிறவர்தான்.

எங்கள் யாருக்குமே அது வேலையாகத் தோன்றியதில்லை. வேலை முடிந்துவிட்டது, கையும் சுத்தம். இது அன்புக்குப் பிடிக்கிற கை. வெறுங்கையோடு ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், எல்லாரும் எல்லாருடைய கையையும் பிடித்துக்கொண்டிருந்தோம். கிருமியும் ட்யூட்டி பார்த்துத்தான் வரும் என்கிற மாதிரி.

மறு நாள், சுற்று ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அக்கா டிரைவர் ஐயாவிடம் போனார். “ஐயா, கையில கொஞ்சம் பசை தடவிக்கட்டுமா?”

“டிக்கெட் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு ஐயா.”

“அப்ப ஏறிக்கோ” என்று கையை நீட்டினார். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவருக்கு வாந்தி பேதி ஒரு தடவைகூட வரவில்லை. கழிப்பறைக்குத் தானே போய்த் தானே வருவார். யாரையும் கூட வர விடமாட்டார். வெளியே தெரியாமல் கிருமியைச் சுமக்கிறவர்கள் உண்டு என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. சுற்று வழக்கம்போல நடந்தது. அக்காவும் போனார், நானும் போனேன். எல்லாரும் வாசலைத் தாண்டப் போகும்போது அக்கா கதவை மறித்து நின்றுகொண்டார்.

“பஸ் போய்டும்க்கா!”

“போகட்டும். எங்க வீட்டுக்காரர் வேனோட வெளிய நிக்கிறார். எல்லாரும் உள்ள வாங்க.”

கூடத்துத் திரைகளை இழுத்து, விளக்கை அணைத்து, ஊதா டார்ச்சை அடித்தார். டிரைவர் ஐயாவின் கை ஒளிர்ந்தது. அடுத்த நாற்காலியில் இருந்தவரின் கை. அதற்கடுத்தவர். வரிசையாக மடிமேல் கிடந்த சுருங்கிய உள்ளங்கைகள், ஒன்றுக்கொன்று மங்கலாக, ஆனால் ஒன்று விடாமல். ஒரு பாட்டியம்மா தன் கையைப் பார்த்துச் சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தையலம்மாவுக்கு ஒரு பழக்கம். பெரியக்கா பிடித்துவிட்டுப் போன கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டார்ச் அவர் மேல் விழுந்தபோது கன்னம் மின்னியது. உதட்டு ஓரமும் மின்னியது.

“இப்ப நம்ம கை” என்றார் அக்கா. முதலில் தன் கையைத்தான் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். அதுவும் மின்னியது. ஒவ்வொருவராக நீட்டினோம். பெரியக்கா நீட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தையலம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேனிலும் ஏறாமல், நடந்தே போய்விட்டார்.

மறு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மேலாளர் விஷயத்தைக் கேட்டதும் அறிவிப்பு ஒட்டினார்: இனி யாரும் கை பிடிக்கக் கூடாது, சுற்று கிடையாது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிழை தெரிந்துவிட்டது, நிறுத்திவிட்டார்.

அன்று பொழுது சாய்ந்தது. பகல் ஆட்கள் பின்வாசல் வழியாகக் கிளம்பினோம். தையலம்மா தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் கதவோரம் போய் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. “அவ சொல்லிக்காம போக மாட்டா. எங்கயோ விழுந்து கிடக்கா. போய்த் தேடுங்க” என்று கதவைத் தட்டினார். டிரைவர் ஐயா ஒவ்வொரு அறையாகப் போய் நீட்டிய கையோடு நின்றார். அடுத்த நாளும் அதேதான். தையலம்மா தட்டை ஒதுக்கிவிட்டார். ஏற்கெனவே பாதியான உடம்பு. சாயங்காலம் மட்டும் அமைதியாக இருக்க ஒரு மாத்திரை கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

அக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறீங்க சார்.”

“வேற என்னம்மா பண்ணச் சொல்றீங்க? வார்டை மூடிடுவாங்க.”

“சோப்பு போட வேண்டிய இடத்துல தூக்க மாத்திரை போடுறோம். சுற்று நடக்கணும். ஆனா அதை வேலையா நடத்தணும். ட்யூட்டி நேரத்துக்குள்ள, சீருடையோட, தண்ணியோட. எனக்கு ஆளைக் குடுங்க, நான் பழக்குறேன்.”

“மறுபடி வந்துச்சுன்னா?”

“நான் போறேன். எழுதி வேணும்னாலும் தரேன்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். “என்ன தம்பி, நீங்க படிச்சவர். இது நடக்கிற காரியமா?”

“நடக்கும் சார்” என்றேன். “இத்தனை நாள் நாம நம்ம கையை மட்டும்தான் கழுவினோம். அவங்க கையை யாரும் கழுவல.” சொல்லும்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தனை வகுப்பு, எத்தனை படங்கள். எல்லாவற்றிலும் பிடிக்கிற கைதான் இருந்தது. பிடிபடுகிற கை ஒன்று இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே அக்காவும் நானும் பெரியக்கா வீட்டுக்குப் போனோம். மாடியில் ஒற்றை அறை. பெரியக்கா எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“நேராவே சொல்லு. நான் பிடிச்ச கையாலதான் அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போச்சா?”

அக்கா இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். “இருக்கலாம்க்கா. உங்க கை, என் கை, இந்தா நிக்கிறாரே இவர் கை. எதுன்னு சொல்ல முடியாது. எல்லாமே மின்னுச்சு.”

“ஆறுதல் சொல்ல வந்தியா, அடிக்க வந்தியா?”

“வேலைக்குக் கூப்பிட வந்தேன். அந்தம்மா கதவுல நிக்குது. உங்களைத்தான் தேடச் சொல்லுது. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நீங்க இங்க உக்காந்து அழுதா யாருக்கு லாபம்?”

“வாய் ரொம்ப நீளம் உனக்கு.”

“கை சுத்தமா இருந்தா போதும்க்கா, வாயை யாரும் சோதிக்கிறதில்ல.”

பெரியக்கா சிரிக்கவில்லை. ஆனால் மறு நாள் காலை எங்களுக்கு முன்னாலேயே சலவை அறைப் பக்கம் வந்து நின்றார், மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

பயிற்சி லேசாக இல்லை. முதலில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் ஒரு பராமரிப்பாளர் எல்லார் கையையும் அதிலேயே முக்கப் பார்த்தார். “தேங்கின தண்ணியில கழுவுறது கிருமிக்கு நீச்சல் கத்துக்குடுக்கிற மாதிரி” என்று அக்கா பேசினைப் பிடுங்கினார். தள்ளுவண்டியில் மூடி போட்ட கூஜாக்களில் வெதுவெதுப்பான தண்ணீர், ஊற்றுகிற தண்ணீர் விழ ஆளுக்கொரு கிண்ணம், சோப்புப் புட்டி, காகிதத் துண்டு என்று ஏற்பாடு ஆனது. எல்லாரும் எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். அவரவர் அன்றைக்குப் பார்த்துக்கொண்டவர்களிடம் மட்டும் சொன்னால் போதும் என்று பிரித்தோம். கழிப்பறைக்குப் போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னும் அவர்கள் கையைக் கழுவுவது தனிப் பாடம். டிரைவர் ஐயாவிடம் அது நடக்கவில்லை. கழிப்பறைக்குள் யாரையும் விடமாட்டார். கடைசியில் வெளியே சோப்போடு நின்று, “ஐயா, டிப்போவுக்கு வந்தா வண்டியைக் கழுவணும்ல?” என்று நான் கேட்டுப் பார்த்தேன். “பின்ன? கழுவாம எப்படி எடுக்கிறது?” என்று கையை நீட்டினார்.

முணுமுணுப்பும் இருந்தது. “படுக்கையும் கழுவி, பாத்திரமும் கழுவி, போகும்போது கையும் கழுவணுமா? நேரம் எங்க இருக்கு?” என்று ஒரு பராமரிப்பாளர் எதிர்த்து நின்றார். அக்கா மேலாளரிடம் சண்டை போட்டு, சாயங்கால வேலையில் துணி மடிப்பதை அடுத்த ஷிப்ட்டுக்குத் தள்ளி, சுற்றுக்கு இடம் பிடித்தார். அப்படியும் தண்ணீர் சிந்தியது, தரை வழுக்கியது, ஒரு நாள் முழுச் சுற்றும் பாதியில் நின்றது. அக்கா ஒவ்வொரு சாயங்காலமும் டார்ச்சோடு நின்றார். ஒரு கை மின்னினால் மறுபடி. கரடியாய்க் கத்தினார். திட்டு வாங்காத ஆள் எங்களில் இல்லை.

முறை சரியாக அமைந்தது பெரியக்காவின் கையில்தான், அதுவும் அவர் திட்டமிட்டதில்லை. தையலம்மாவின் கையில் தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தையலம்மா குனிந்து பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த நுரையோடு பெரியக்காவின் கையைப் பிடித்து, துணியில் சுருக்கம் நீவுகிற மாதிரி, விரல் விரலாக நீவிக் கழுவ ஆரம்பித்தார்.

“போய்ட்டு வரேன்மா” என்றார் பெரியக்கா.

“போய்ட்டு வா. கை ஏன் இப்படிக் காஞ்சு கிடக்கு?”

அக்கா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தீங்களா? கழுவுறதும் பிடிக்கிறதும் ஒரே வேலை. ரெண்டு கையும் ஒண்ணா சுத்தமாகுது, நேரமும் மிச்சம்.” அதுவே எங்கள் முறையானது. ஊற்ற ஒருவர், கழுவ ஒருவர். ஒரு நாற்காலி முடிந்தால் கிண்ணம் மாறும், காகிதத் துண்டு மாறும்.

வாரங்கள் போயின. வாந்தி பேதி வரவில்லை. யாரோ இருமினாலும் நாங்கள் திடுக்கிட்டோம்.

அதிகாரி சாயங்காலம் பார்த்து வந்தார். சுற்று நடப்பதை ஓரமாக நின்று கவனித்தார். மேலாளர் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பராமரிப்பாளர், பதற்றத்தில், டிரைவர் ஐயாவின் கையைத் துடைத்த துண்டோடு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார். அதிகாரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பார்த்திருக்கவே மாட்டார். மேலாளர் கண்ணாலேயே கெஞ்சினார், விட்டுவிடு என்று.

“நில்லும்மா” என்றது அக்காவின் குரல். வார்டே திரும்பியது. “கையில என்ன?”

“துண்டுக்கா… ஐயோ.”

“அதைக் கூடையில போடு. போய் உன் கையைக் கழுவிட்டு வா. முதல்ல இருந்து.”

அந்தப் பெண் கழுவிவிட்டு வரும்வரை சுற்று நின்றது. வண்டி நின்றது. கையை நீட்டிக்கொண்டிருந்த பெரியவரும் பொறுமையாகக் காத்திருந்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவிடம் வந்தார்.

“நான் பாக்கவே இல்லையே. என் முன்னாடி நீங்களே தப்பைக் காட்டிக் குடுக்குறீங்களே?”

“நீங்க போய்டுவீங்க சார். இவங்களும் நானும் இங்கதான் இருப்போம். கிருமியும் இருக்கும்.”

அதிகாரி கழிப்பறைகளைப் பார்த்தார், கூஜாவின் சூட்டைத் தொட்டுப் பார்த்தார், டிரைவர் ஐயாவிடம் நன்றாகக் கை கழுவிவிட்டுத்தான் கை கொடுத்தார். மேலாளர் அறையில் அரை மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்ததும் அதிகாரியே சொன்னார்: “வார்டு இங்கேயே இருக்கலாம். யாரையும் மாத்த வேண்டியதில்ல. இந்தச் சுற்றை எப்படி நடத்துறீங்கன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. வேற இல்லங்களுக்கும் சொல்லணும்.”

எங்களில் சிலர் கை தட்டினோம். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தையலம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனார். அக்கா மட்டும் என் பக்கம் திரும்பினார்.

“எழுதுறது நீங்க, டிகிரி. நல்ல தமிழ்ல எழுதுங்க. அந்தப் புள்ளை துண்டோட நகந்ததையும் எழுதுங்க, மறைக்க வேணாம்.” பிறகு குரலை உயர்த்தினார். “நாளைக்குக் காலையில சமையலறை ஆளுங்க எல்லாரும் என் ரூமுக்கு வரணும். கரண்டியை எந்தப் பக்கம் பிடிக்கிறாங்கன்னு இன்னிக்கு பாத்துட்டேன்.”